உத்தரவாதம் கேட்கும் கேமரா

பறவைப் படமெடுக்க நாடு நாடாகப் போகிறவரிடம் பணம் இருக்கும், மூன்று கிலோ எடையுள்ள லென்ஸ் இருக்கும். நேரம்தான் இருக்காது. ஈக்குவடாருக்கு ஒரு வாரம், ஹொக்கைடோவுக்கு நாலு நாள் என்று விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறவர், அவ்வளவு விமானக் கட்டணம் கொடுத்த பிறகு வெறுங்கையோடு திரும்ப விரும்புவதில்லை. எனவே இந்தச் சுற்றுலாத் தொழிலில் விலைபோவது உத்தரவாதம்தான்: இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இவ்வளவு கிட்டத்தில் பறவை கண்டிப்பாகக் கிடைக்கும் என்ற உறுதி. அந்த உறுதி எந்த வழியில் கிடைத்தது என்பதை வைத்தே படத்தை எடைபோட வேண்டும். படமெடுப்பவரின் நல்ல மனதை வைத்து எடைபோடுவதில் பயனில்லை. கூட்டுக்கு எதிரே டிரைபாடை ஊன்றி நிற்பவர்களும் பறவைப் பிரியர்கள்தாம்.

உறுதியை நல்ல வழியில் தர முடியாதா என்றால், முடியும். ஈக்குவடாரின் மிண்டோ பகுதியில் ஏஞ்சல் பாஸ் என்ற விவசாயி, காட்டுக்குள் ஒளிந்தே வாழும் பெரிய ஆன்ட்பிட்டா பறவை ஒன்றுக்கு மண்புழு கொடுத்துப் பழக்கினார். அதற்கு மரியா என்று பெயரும் வைத்தார். அதுவரை குரலாக மட்டுமே பலருக்குத் தெரிந்திருந்த பறவையைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். அவருடைய காடு காடாகவே நிற்பதற்கு ஒரு வருமானம் பிறந்தது. கொலம்பியாவிலும் பெருவிலும் அதே முறை பரவியிருக்கிறது. சீனாவின் யுன்னான் மாநிலத்தில், காவோலிகோங் மலையடியில் உள்ள பைஹுவாலிங் கிராமத்தார் சிறு நீர்க்குட்டைகளுக்கு எதிரே மறைவிடங்கள் கட்டி, ஓர் இருக்கைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். ஹங்கேரியின் பென்ஸ் மாட்டே ஒருபக்கக் கண்ணாடி பொருத்திய மறைவிடங்களால் பெயர் பெற்றவர். பறவைக்கு உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. இந்த மூன்று இடங்களிலும் பறவை தானாக வருகிறது, பிடிக்காவிட்டால் போய்விடுகிறது. என் அளவுகோலும் இதுதான்: பறவைக்குப் போக வழி இருக்கிறதா?

கூட்டில் அந்த வழி இல்லை. முட்டையையோ குஞ்சையோ விட்டு நெடுநேரம் விலக முடியாத பறவை, கேமராவுக்கு எளிய இரை. நேரமில்லாதவருக்குக் கூட்டுப்படம் அவ்வளவு பிடிப்பதற்குக் காரணமே இதுதான். படம் தெளிவாக வர வேண்டுமென்று மறைக்கும் இலையை ஒடித்தால், கூடு வெயிலுக்கும் காக்கைக்கும் திறந்துவிடுகிறது. இருவாச்சியின் நிலை இன்னும் மோசம். பெண் பறவை மரப்பொந்துக்குள் அமர்ந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்கிறது. ஒரு சிறு பிளவு வழியே ஆண் கொண்டுவரும் பழத்தை நம்பித்தான் தாயும் குஞ்சும் வாரக்கணக்கில் உயிர் பிழைக்கின்றன. மரத்தடியில் பத்துப் பேர் கூடி நின்றால் ஆண் இறங்கத் தயங்கும், உள்ளே பட்டினி. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது என்பதைக் கேமராக்காரர்களில் எத்தனை பேர் அறிவார்களோ! பிரிட்டனின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியலிட்ட அரிய பறவைகளைக் கூட்டருகே தொந்தரவாகும்படி படமெடுக்க உரிமம் வேண்டும். வேடந்தாங்கலைக் காட்டி என்னை மடக்கலாம். அங்கே தெரிவதெல்லாம் கூடுகள்தானே என்று. அங்கே பார்ப்பவர் நிற்பது ஏரிக்கரையில். இடையில் தண்ணீர் இருக்கிறது, தலைமுறைகளாகக் காவல் காக்கும் ஊரும் இருக்கிறது. அந்தத் தூரத்திலிருந்து எடுக்கும் படத்தோடு எனக்குச் சண்டை இல்லை.

இரை போடுவதில் கோடு இவ்வளவு நேராக இல்லை. ஹொக்கைடோவின் செந்தலைக் கொக்குகள் அற்றுப்போயின என்று கருதப்பட்ட நிலையில், 1924இல் குஷிரோ சதுப்பில் ஒரு சிறு கூட்டம் மிஞ்சியிருப்பது தெரியவந்தது. 1952இன் கடுங்குளிரில் ஊர்மக்கள் போடத் தொடங்கிய சோளம்தான் அவற்றைத் தூக்கிவிட்டது. இன்று ஆயிரத்தைத் தாண்டியிருக்கின்றன. இப்போது ஒரே இடத்தில் நெருக்கியடித்து நோய் பரவுமே என்ற கவலையில் ஜப்பான் அரசு அந்தத் தீனியைப் படிப்படியாகக் குறைத்துவருகிறது. உயிரைக் காக்கப் போட்ட இரைக்கும் இப்படி ஒரு கணக்கு பார்க்க வேண்டியிருக்கிறது. படத்துக்காக மட்டும் போடும் இரைக்கு என்ன நியாயம் சொல்வது? சிங்கப்பூரில் ஒரு புகைப்படக்காரர், மீன் மிதக்க வேண்டும், கழுகு பாய்ந்து பிடிக்கும் காட்சி கிடைக்க வேண்டும் என்பதற்காக மீனின் உடலில் ஸ்டைரோஃபோம் திணித்து எறிந்தார், அபராதம் கட்டினார். வட அமெரிக்காவில் பனி ஆந்தை பறந்து பாயும் படத்துக்காகக் கடையில் வாங்கிய எலியைச் சாலையோரம் விடுகிறார்கள். சாலையோரத்தில் இரை கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட ஆந்தைக்கு வாகனம் எமனாகலாம். ஏஞ்சல் பாஸின் மண்புழு அந்தக் காட்டுப் பறவை தானே தேடித் தின்னும் உணவு. கொடுப்பவரும் மறுநாளும் அங்கேயே இருப்பவர். எலியை விடுகிறவருக்கு மறுநாள் விமானம்.

ஒரு படத்தால் என்ன கெட்டுப்போகிறது என்பார்கள். ஒருவர் ஒருமுறை எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்கும் வழக்கத்தைப் பற்றி ஈக்குவடாரில் நடந்த ஓர் ஆய்வில், ரென் இனம் ஒன்று சில நாட்களில் அந்தப் பொய்க்குரலுக்குப் பழகிப்போனதும் தெரிந்தது. ஆனால் அழகான கூட்டுப்படம் தனியாக நிற்பதில்லை. அதைப் பார்த்தவர் இடம் கேட்கிறார், வழிகாட்டிக்குத் தொலைபேசி போகிறது, அடுத்த வாரம் இன்னொரு குழு. ஒவ்வொருவருக்கும் அது ஒரே ஒரு படம். பறவைக்கோ அந்தப் பருவம் முழுவதும் ஆட்கள்.

இன்னொரு மறுப்பு வலுவானது. பறவைகளைக் காப்பாற்றியதே படங்கள்தானே? பிரிட்டனில் இனப்பெருக்கம் அற்றுப்போனதாக எண்ணப்பட்ட பிட்டர்ன் என்ற நாணற்கொக்கு மீண்டும் குஞ்சு பொரித்ததை 1911இல் எம்மா டர்னர் எடுத்த படம்தான் நிரூபித்தது. அதுவும் குஞ்சின் படம். மறுக்கவில்லை. அன்று வேறு சான்று கிடைக்கவில்லை, அந்தப் படம் ஒரு கேள்விக்கு விடையாக இருந்தது. இன்று தொலைதூர லென்ஸும் ஒலிப்பதிவும் அந்த வேலையைச் செய்கின்றன. 2017இல் பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கம், பஃபின் என்ற கடற்பறவைகள் அலகில் மீனோடு வரும் படங்களைப் பயணிகளிடம் கேட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வந்து சேர்ந்தன, பஃபின்கள் குஞ்சுகளுக்கு எந்த மீனைக் கொண்டுவருகின்றன என்று தெரிந்தது. பொந்துக்குள் யாரும் தலையை நீட்ட வேண்டியிருக்கவில்லை.

பிழைப்புக்காக வாடிக்கையாளர் கேட்பதைச் செய்யும் உள்ளூர் வழிகாட்டியின் மேல் பழியைப் போட்டு இதை முடிக்கக் கூடாது. அவர் மறுத்தால் அடுத்த வழிகாட்டி செய்வார். தேவையைக் குறைக்கக்கூடியவர்கள் படத்தைப் பார்வைக்கு வைப்பவர்கள். பறவை பார்ப்பவர்களின் பதிவுகளைத் திரட்டும் இபேர்ட் இணையதளம் அரிய பறவைகளின் துல்லியமான இடத்தை மறைக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2013இல் இரவுக்கிளி உயிரோடு படமெடுக்கப்பட்டபோது இடம் பரம ரகசியமாகவே வைக்கப்பட்டது. அதுபோலப் போட்டி நடத்துபவர்கள், விருது கொடுப்பவர்கள், இந்த நாளிதழ் உள்ளிட்ட பத்திரிகைகள் எல்லாம் கூட்டருகே எடுத்த படத்தையும், உயிருள்ள இரையை விட்டு எடுத்த படத்தையும் ஏற்பதில்லை என்று அறிவிக்க வேண்டும். மற்ற படங்களின் கீழே எப்படி எடுத்தது என்று ஒரு வரி போடட்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்பணம் கட்டப்போகும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பறவை கிடைக்கும் என்று உறுதி தருபவரிடம், எப்படிக் கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் பிறகு பணத்தைக் கட்டுங்கள்.