கைக்காசு கட்டினால் வைத்தியச் செலவு குறையுமா?
அமெரிக்காவில் 8 ஆண்டு நடந்த சோதனை!

"இன்சூரன்ஸ்தானே கட்டுது, நமக்கென்ன?" என்று தும்மலுக்கெல்லாம் டாக்டரிடம் ஓடுகிறார்கள். நோயாளியும் பில்லில் ஒரு பங்கு கட்டினால்தான் செலவு அடங்கும் என்கிறார்கள் ஒரு சாரார்.

இது சரியா? அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

சீட்டுக் குலுக்கல்

சோதனையை நடத்தியது ரேண்ட் ஆராய்ச்சி நிறுவனம். பணம் கொடுத்தது அரசாங்கம். தலைமை தாங்கியவர் பொருளாதார நிபுணர் ஜோசப் நியூஹவுஸ். 1974 முதல் 1982 வரை, டேட்டன், சியாட்டில் உள்பட 6 இடங்களில் நடந்தது.

சுமார் 2,750 குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பிரித்தார்கள். சிலருக்கு வைத்தியம் முழுக்க இலவசம். மற்றவர்களில் பலர் பில்லில் நூற்றுக்கு 25, 50 அல்லது 95 பங்கு கைக்காசு கட்டவேண்டும். ஆனால் வருஷத்துக்கு 1,000 டாலருக்கு மேல் போகாது. ஏழைகளுக்கு அந்த உச்சவரம்பு இன்னும் குறைவு.

செலவு குறைந்தது!

இலவசக்காரர்களைவிட 95 பங்கு கட்டியவர்களின் வைத்தியச் செலவு நூற்றுக்கு சுமார் 30 குறைந்தது.

எப்படி? டாக்டரிடம் போனபின் ஆகும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. டாக்டர் வீட்டுப் படி ஏறுவதே குறைந்துபோனது.

வந்தது சிக்கல்

சரி, வேண்டாத வைத்தியத்தை மட்டும் விட்டார்களா? அதுதான் இல்லை! அவசியமானதையும் அதே அளவுக்கு விட்டுவிட்டார்கள். நெஞ்சைப் பிடித்தால் அது வாயுவா, மாரடைப்பா என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லத்தானே டாக்டர்!

சராசரி ஆளுக்கு இதனால் உடம்பு கெட்டுவிடவில்லை. அடி வாங்கியவர்கள், ரத்தக்கொதிப்பு உள்ள ஏழைகள். இலவச வைத்தியம் கிடைத்த ஏழைகளுக்குக் கொதிப்பு நன்றாகக் குறைந்தது. அப்படிக் குறைவதால், ஆபத்து அதிகம் உள்ளவர்களிடையே சாவு நூற்றுக்கு 10 வரை குறையும் என்று கணக்கிட்டார்கள்.

ரத்தக்கொதிப்பு வலிக்காது. வலிக்காத நோய்க்குக் கைக்காசு கொடுத்து டாக்டரிடம் போவது யார்?

2010 சட்டம்

2010-ல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டப்படி, ரத்தக்கொதிப்புப் பரிசோதனை போன்ற முன்தடுப்பு வைத்தியத்துக்குப் பெரும்பாலான தனியார் இன்சூரன்ஸில் நோயாளி பங்கு கட்டவேண்டியதில்லை.

ஆக, கைக்காசு செலவைக் குறைக்கும். ஆனால் எந்தச் செலவு வீண், எது உயிர் காக்கும் என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எல்லோருக்கும் ஒரே பங்கு என்று போட்டால், மிச்சமாகும் காசுக்கு விலை கொடுப்பவன் ஏழை நோயாளிதான்!