ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு இல்லீங்க!

ரெண்டு சர்வருக்கு நடுவுல காப்பி மெதுவா போகுதா? உடனே ஒரு யோசனை வரும்: "இன்னொரு நெட்வொர்க் கார்டு போட்டு டீம் பண்ணிடுங்க, ஸ்பீடு டபுள் ஆயிடும்." மேனேஜர் மட்டுமில்ல, கார்டு விக்கிறவரும் இதையேதான் சொல்வார். என்னைக் கேட்டா, டீமிங்கை வேகம்னு சொல்லி விக்கிறதே தப்பு. அது இன்சூரன்ஸ், அவ்வளவுதான்.

கணக்கு பார்ப்போம். 1 கிகாபிட்னா நொடிக்கு 125 மெகாபைட். ஹெட்டர் அது இதுன்னு கழிச்சா கைக்கு வர்றது 110 சொச்சம். 500 ஜிகாபைட் பேக்கப் போக சுமார் ஒண்ணேகால் மணி நேரம். ரெண்டு கார்டை டீம் பண்ணினாலும் அதே ஒண்ணேகால் மணி நேரம்தான்!

காரணம் ரொம்ப சிம்பிள். ஒரு இணைப்போட பாக்கெட்டுகள் வரிசை மாறக்கூடாது. அதனால மேக், ஐபி, போர்ட் எண்களை வெச்சு ஒரு ஹாஷ் போட்டு, அந்த இணைப்பை ஒரே கேபிள்ல அனுப்புவாங்க. ரேஷன் கடையில ரெண்டு கவுண்டர் திறந்தா கூட்டம் சீக்கிரம் கரையும். ஆனா தனி ஆளுக்கு அரிசி அளக்கிற வேகம் கூடுமா என்ன? :-)

லினக்ஸ் பாண்டிங்ல இன்னொரு கூத்து. டீஃபால்ட் ஹாஷ் 'லேயர்2', ஐபி, போர்ட் எதையும் பார்க்காது. ஒரே நெட்வொர்க்ல ரெண்டே சர்வர்னா எத்தனை இணைப்பு போட்டாலும் ஒரே கேபிள்தான். 'லேயர்3+4'க்கு மாத்தினா பல இணைப்புகள் பிரிஞ்சு போக வாய்ப்பு உண்டு. ஒத்தை காப்பி அப்பவும் பிரியாது. ரவுண்ட் ராபின்ல பிரிக்கலாம்தான், ஆனா பாக்கெட் வரிசை கலைஞ்சு டிசிபி திரும்பத் திரும்ப அனுப்ப ஆரம்பிச்சா கதை கந்தல்.

காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க:

1. நொடிக்கு 11-12 மெகாபைட்லயே நிக்குதா? லிங்க் 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கும். முதல்ல கேபிளை மாத்துங்க.
2. ஐபெர்ஃப் ஓட்டுங்க. அதுல முழு வேகம் வந்து காப்பி மட்டும் மெதுவான்னா, பெரும்பாலும் டிஸ்க்தான் குற்றவாளி.
3. ரெண்டு பக்கமும் விண்டோஸ் சர்வர் 2012 அல்லது அதுக்கு அப்புறம் வந்ததா? எஸ்எம்பி மல்டிசேனல் டீமிங் இல்லாமலே ரெண்டு கார்டையும் பயன்படுத்தும்.
4. இதெல்லாம் பத்தலைன்னா ஒரு 10 கிகாபிட் கார்டு.

ஒரு கேபிள் புட்டுக்கிட்டாலும் சர்வர் ஓடணும்னா தாராளமா டீம் பண்ணுங்க, பண்ணியே ஆகணும். வேகம் டபுள்னு வாக்குக் குடுத்துட்டுப் போனீங்கன்னா, விடியறதுக்குள்ள பேக்கப் முடியாம திட்டு வாங்கப் போறது நீங்க இல்ல. நைட் ஷிஃப்ட்ல உக்காந்திருக்கிற பையன்!