தொழில் அறிவோம்: பற்சிகிச்சை நிலையத்தின் முன்மேசை



தையல், கோழி வளர்ப்பு, மிளகாய்த்தூள் என்று வீட்டோடு செய்யும் தொழில்களைப் பற்றியே இந்தப் பக்கத்தில் அதிகம் பேசியிருக்கிறோம். இம்முறை வெளியே போய் மாதச் சம்பளம் எடுக்கக்கூடிய ஒரு வேலையைப் பார்ப்போம். அதற்குக் காரணம் வன்னியிலிருந்து வந்த ஒரு கடிதம்.

எழுதியவர் 2009இல் கணவரை இழந்தவர். மூத்த மகள் உயர்தரம் படிக்கிறாள். சாதாரண தரம் வரை படித்த இவர், பட்டணத்தில் ஒரு தனியார் பற்சிகிச்சை நிலையத்தின் முன்மேசையில் எட்டு மாதமாக வேலை செய்கிறார். "போன கிழமை பெட்டியில 1,500 ரூபா குறைஞ்சிட்டுது. என்ர சம்பளத்தில கழிச்சுப்போட்டினம். நான் எடுக்கேல்லை அக்கா. ஆனா அதை எப்பிடிக் காட்டுறது?" என்று கேட்டிருந்தார்.

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. பிறருடைய காசைக் கையாளும் எந்தப் பெண்ணுக்கும் ஒருநாள் வரக்கூடியது. நமக்காகப் பேச வீட்டில் ஆள் இல்லாதபோது, எழுதி வைத்த கணக்குத்தான் நமக்குச் சாட்சி.

நாள் முடிவுக் கணக்கு

காலையில் பெட்டியைத் திறந்ததும் உள்ளே உள்ள சில்லறைக் காசை எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். நோயாளி ஒருவர் காசு தந்தால், எவ்வளவு சிறிய தொகையானாலும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு எழுதுங்கள். பிரதி புத்தகத்தில் இருக்க வேண்டும். பிழையாக எழுதிய சீட்டைக் கிழித்து எறியாமல், குறுக்கே கோடிட்டு "இரத்து" என்று எழுதிப் புத்தகத்திலேயே விடுங்கள். பெட்டியிலிருந்து காசு வெளியே போனால், எடுத்தவர் வைத்தியரே ஆனாலும், ஒரு துண்டில் தொகையையும் காரணத்தையும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

ஒரு நாளைப் பாருங்கள். காலையில் பெட்டியில் 2,000 ரூபா. அன்றைய பற்றுச்சீட்டுகளின் மொத்தம் 18,500. அதில் வங்கி அட்டை மூலம் வந்தது 4,000. ஆகவே கைக்காசு 14,500. பஞ்சு, தேநீர், தபால் என்று செலவு 1,250. மாலையில் பெட்டியில் இருக்க வேண்டியது 2,000 + 14,500 – 1,250 = 15,250 ரூபா. எண்ணிப் பார்த்து, நீங்களும் வைத்தியரும் கையொப்பம் இடுங்கள். கூடினாலும் குறைந்தாலும் அன்றைக்கே எழுதுங்கள். அடுத்த நாளைக்கு விட்டால் நினைவு கலந்துவிடும்.

"டொக்டரிட்டைக் கையொப்பம் கேட்டால் கோபிப்பாரோ" என்று தயங்க வேண்டாம். "கணக்குச் சரியா இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ டொக்டர்" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல முதலாளி இதை விரும்புவார்.

நேரம் கொடுத்தல்

பல் அடைக்க வருபவருக்கும், வேர்ச் சிகிச்சைக்கு வருபவருக்கும், பொய்ப்பல் கட்ட வருபவருக்கும் ஒரே அளவு நேரம் போதாது. எந்தச் சிகிச்சைக்கு எத்தனை நிமிடம் என்று வைத்தியரிடம் கேட்டு எழுதி, மேசையில் ஒட்டி வையுங்கள். பொய்ப்பல்லுக்கு அச்செடுத்து, கடி பார்த்து, பொருத்திப் பார்த்து, கடைசியில் கொடுப்பது என்று பல தடவை வரவேண்டும். பல் செய்யும் இடத்தில் எத்தனை நாள் ஆகும் என்று கேட்ட பின்பே அடுத்த திகதியைக் கொடுங்கள். தூரத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸுக்குக் காசு கடன்பட்டு வருபவரை, "இன்னும் வந்து சேரேல்லை" என்று திருப்பி அனுப்புவது பாவம்.

வீக்கமும் காய்ச்சலும் உள்ளவர், வாயிலிருந்து இரத்தம் நிற்காதவர் வந்தால், வரிசை பார்க்காமல் உடனே வைத்தியருக்கு அறிவியுங்கள்.

கேட்க வேண்டியவை, காக்க வேண்டியவை

புதிதாக வருபவரிடம் இருதய நோய், நீரிழிவு, இரத்த அழுத்தம், கர்ப்பம், மருந்து ஒவ்வாமை, இரத்தம் உறையாமல் இருக்கப் பாவிக்கும் குளிசை ஆகியவை பற்றிக் கேட்டு எழுத வேண்டும். எதையும் நிறுத்தும்படியோ எடுக்கும்படியோ நீங்கள் சொல்லக்கூடாது. எழுதி வைத்தியரிடம் கொடுப்பதே உங்கள் கடமை. வைத்தியர் வெளியே போன நேரத்தில் யார் கெஞ்சினாலும் வாயில் கை வைக்காதீர்கள். இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவருக்குத்தான் அந்த உரிமை.

பத்துப் பேர் இருக்கும் கூடத்தில், "பிள்ளை வயித்திலையோ?" என்று உரக்கக் கேட்காதீர்கள். துண்டில் எழுதித் தரச் சொல்லலாம். எழுதத் தெரியாதவரைப் பக்கத்தில் அழைத்து மெதுவாகக் கேட்கலாம். கோப்புகளைப் பூட்டி வையுங்கள். அங்கே அறிந்ததைச் சந்தையிலும் கிணற்றடியிலும் பேசக்கூடாது.

இன்னொன்று. தாடையில் ஷெல் துண்டு பட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பல் குடையும் இயந்திரத்தின் சத்தத்துக்கே நடுங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களை உங்களைவிட நன்றாக விளங்கிக்கொள்ள யாரால் முடியும்? "பயப்பிடாதேங்கோ அம்மா, கையை உயர்த்தினால் டொக்டர் நிப்பாட்டுவார்" என்று சொல்லலாம். வைத்தியரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பொருட்களும் பத்திரங்களும்

விறைப்பு மருந்து, ஊசி, கையுறை, பஞ்சு முதலியவற்றுக்கு ஓர் இருப்புப் புத்தகம் வேண்டும். காலாவதித் திகதி முந்தியதை முன்னால் வைத்து முதலில் பாவிக்கக் கொடுங்கள். முடிந்த பிறகு வாங்க ஓடாமல், குறையும்போதே எழுதிக் கொடுங்கள்.

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். அதன் திகதியையும், மின்சாரம், தண்ணீர், வாடகைத் திகதிகளையும் ஒரு கலண்டரில் குறித்து நினைவூட்டுவதும் முன்மேசையின் வேலைதான்.

உங்கள் உரிமை

வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்டப்பட வேண்டும். சம்பளம் 40,000 ரூபா என்றால், உங்களிடமிருந்து 8 வீதம் 3,200; முதலாளி போட வேண்டியது 12 வீதம் 4,800. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் 1,200 முதலாளியே கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. கட்டாவிட்டால் அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு, அன்றைய சீட்டுகளையும் பில்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கும்படி பதில் எழுதினோம். பொய்ப்பல் கொண்டுவந்து கொடுத்தவருக்கு 1,500 ரூபா கொடுத்த பில் ஒன்று வேறொரு கோப்புக்குள் இருந்திருக்கிறது. வைத்தியரின் வீட்டார் அவசரத்தில் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து, சொல்ல மறந்துவிட்டார்கள். கழித்த காசு திரும்பக் கிடைத்தது. நித்திரையில்லாமல் போன இரவுகள் திரும்பி வராது. ஆனால் இப்போது அந்தப் பெட்டிக்குள் ஒரு துண்டுக் கட்டும் பேனையும் இருக்கின்றன. யார் காசு எடுத்தாலும் எழுதித்தான் எடுக்கிறார்களாம்.

சகோதரிகளே, காசு எண்ணும் வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் நாளைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.