ஏட்டில் ஏறாத முடிவுகள்: ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் கேள்வி அதிகாரம்

ஸ்காட்லாந்து அரசு பதில் சொல்லக் கடமைப்பட்ட அவை எடின்பரோவின் ஹோலிரூட்டில் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டம் மருத்துவம், கல்வி, காவல், நீதித் துறை, உள்ளாட்சி, வேளாண்மை, உள்நாட்டுப் போக்குவரத்தின் பெரும்பகுதி ஆகியவற்றை லண்டனின் பிடியிலிருந்து எடுத்து இந்த அரசிடம் ஒப்படைத்தது. பாதுகாப்பு, வெளியுறவு, குடியேற்றம், நாணயம் ஆகியவை லண்டனிலேயே தங்கிவிட்டன. 2016இல் வந்த இன்னொரு சட்டம் சம்பள வருமானத்துக்கான வரி விகிதங்களை நிர்ணயிக்கும் உரிமையையும் எடின்பரோவுக்குக் கொடுத்தது. அதிகாரம் இடம்பெயர்ந்தபோது கேள்வி கேட்கும் பொறுப்பும் அதனுடன் இடம்பெயர்ந்தது. பகிர்ந்தளிக்கப்பட்ட துறைகளைப் பற்றி பிரிட்டிஷ் அமைச்சர்களிடம் இனி கேள்வி எழுப்புவதில்லை என்று 1999 அக்டோபர் 25 அன்று லண்டன் மக்களவை தீர்மானம் நிறைவேற்றியது. ஹோலிரூட்டில் மேலவையும் கிடையாது. ஆகவே கிளாஸ்கோ மருத்துவமனை ஒன்றில் நோயாளிகள் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள் என்றால், அதற்கான அமைச்சரை நிறுத்திக் கேட்க உரிய அவை இது ஒன்றுதான். இங்கே கேட்கப்படாத கேள்வி வேறெங்கும் கேட்கப்படாது.

அவையின் உறுப்பினர்கள் 129 பேர். 73 பேர் தொகுதிகளிலிருந்தும் 56 பேர் வட்டாரப் பட்டியல்களிலிருந்தும் வருகிறார்கள். எந்தக் கட்சிக்கும் எளிதில் தனிப் பெரும்பான்மை கிடைக்காதபடி வகுக்கப்பட்ட தேர்தல் முறை இது. நாடாளுமன்றம் தொடங்கும் முன்பே ஹென்றி மெக்லீஷ் தலைமையில் ஒரு ஆலோசனைக் குழு அமர்ந்து, அரசு அவைக்கும் மக்களுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதை அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாக எழுதிவைத்தது. கூட்டணியும் சிறுபான்மை அரசும் வழக்கமாக இருக்கும், நாடாளுமன்றக் குழுக்கள் வலுவாக இருக்கும் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. 2011இல் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 69 இடங்களைப் பிடித்தபோது அந்தக் கணக்கு பிழைத்துப்போனது. ஐந்து ஆண்டுகளுக்கு ஆளுங்கட்சியினரே குழுக்களில் பெரும்பான்மையாக அமர்ந்து, தங்கள் அரசையே விசாரிக்கும் நிலை வந்தது. அமைச்சர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், கேள்வி கேட்க மீதமிருப்போர் ஏறக்குறைய நூறு பேர்தான். அவர்களிலும் ஒரு பகுதியினர் ஆளுங்கட்சிக்காரர்கள். வேல்ஸ் அவையில் இந்த நெருக்கடி இன்னும் மோசமாக இருந்தது. 60 உறுப்பினர்களை வைத்துக்கொண்டு அரசைக் கண்காணிக்க முடியாது என்ற வாதத்தை ஏற்று, 2026 தேர்தலிலிருந்து அங்கே எண்ணிக்கை 96 ஆக உயர்த்தப்பட்டது.

ஹோலிரூட்டின் கேள்விகளில் வெளியுலகுக்குத் தெரிந்தது வியாழக்கிழமை நண்பகலில் நடக்கும் முதல் அமைச்சரின் வினா நேரம். சுமார் முக்கால் மணி நேரம் நீளும் அமர்வு அது. எதிர்க்கட்சித் தலைவர்கள் முதலில் கேட்பார்கள். அவர்கள் எதைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள் என்பது முன்கூட்டித் தெரியாததால், முதல் அமைச்சர் எல்லாத் துறைகளின் குறிப்புகளோடும் வந்து அமர வேண்டியிருக்கிறது. அந்தத் தயாரிப்பே ஒரு பயன். வாரம் ஒருமுறை அரசின் தலைவர் தன் அரசு எங்கெல்லாம் சறுக்கியிருக்கிறது என்று அதிகாரிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நேர்கிறது. மற்ற நாள்களில் ஒவ்வொரு துறைக்கும் வினா நேரம் உண்டு. கேட்பவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைகளில் அப்போதைய அவசரப் பிரச்சினைகளுக்கு நேரம் ஒதுக்கப்படுகிறது.

இந்த நேரடிக் கேள்விகளின் பலவீனமும் வெளிப்படையானது. அமைச்சர் சொல்வது உண்மையா என்று தீர்ப்பளிப்பது அவைத் தலைவரின் வேலை இல்லை. பதிலின் உள்ளடக்கத்துக்கு அமைச்சரே பொறுப்பு. தெரிந்தே அவையைத் தவறாக வழிநடத்தியவர் பதவி விலக முன்வர வேண்டும் என்று அமைச்சர்களுக்கான நடத்தை விதிகள் சொல்கின்றன. ஆனால் அதைச் செயல்படுத்துபவர் முதல் அமைச்சர்தான். ஆளுங்கட்சி உறுப்பினர் எழுந்து தன் அமைச்சரைப் பாராட்டும் வகையில் ஒரு கேள்வி கேட்டால், அதற்கும் அதே நேரம்தான் செலவாகிறது.

ஆனாலும் நேரடிக் கேள்வி பலிக்கும் தருணங்கள் உண்டு. 2012 நவம்பரில் கல்லூரிகளுக்கான நிதி முந்தைய ஆண்டின் 54.5 கோடி பவுண்டிலிருந்து 54.6 கோடியாக உயர்ந்திருப்பதாக அப்போதைய முதல் அமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட் அவையில் சொன்னார். முந்தைய ஆண்டின் உண்மையான தொகை 55.5 கோடி. நிதி உயரவில்லை, குறைந்திருந்தது. அன்றே அவர் அவைக்குத் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார். அரசின் கணக்கு அச்சில் இருந்ததால்தான் அந்தத் தவறு சில மணி நேரத்தில் பிடிபட்டது. போதைப்பொருள் மரணங்களிலும் இதுவே நடந்தது. ஸ்காட்லாந்தின் தேசியப் பதிவுத் துறை அந்த எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2019இல் மரணங்கள் 1,200ஐத் தாண்டின. ஐரோப்பாவிலேயே மிக மோசமான விகிதம் என்று சொல்லப்பட்ட எண்களுக்கு எந்த அமைச்சராலும் விளக்கம் சொல்ல முடியவில்லை. 2020 டிசம்பரில் அதற்குப் பொறுப்பான அமைச்சர் ஜோ ஃபிட்ஸ்பாட்ரிக் பதவி விலகினார். அடுத்த மாதம் ஐந்து ஆண்டுகளுக்கு 25 கோடி பவுண்டு ஒதுக்கி ஒரு தேசியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்தத் திட்டம் போதுமான பலன் தந்ததா என்பது வேறு விவாதம். ஆனால் அரசின் கைக்கு எட்டாத இடத்தில் ஓர் எண் இருந்தால், கேள்விக்கு எவ்வளவு பலம் கூடுகிறது என்பதற்கு அது சான்று.

எழுத்துபூர்வ வினாக்கள் சத்தமில்லாதவை. வழக்கமாகப் பத்து வேலை நாள்களுக்குள் அமைச்சர் பதில் தர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஒவ்வொரு பதிலும் பொதுப் பதிவில் நிற்கிறது. ஒரு சாலையின் செலவு, ஒரு மருத்துவமனையில் காலியாக இருக்கும் செவிலியர் பணியிடங்கள், ஒரு அமைச்சர் சந்தித்த நிறுவனங்களின் பெயர்கள் போன்ற விவரங்கள் இப்படித்தான் சேர்கின்றன. ஒரு உறுப்பினர் ஒரே விஷயத்தை விடாமல் பத்து விதமாகக் கேட்டு, பத்துப் பதில்களையும் அடுக்கிப் பார்த்தால் முரண்கள் தெரியவரும். ஆனால் அமைச்சகத்திலிருந்து திரும்பத் திரும்ப வரும் ஒரு பதில் இந்த உழைப்பை வீணாக்கிவிடுகிறது: கேட்ட தகவல் மையமாகத் தொகுக்கப்படவில்லை என்பதே அது. தகவலைத் தொகுக்காமல் இருப்பதும் ஒரு கொள்கை முடிவுதான். அந்த முடிவை எடுத்தவர் யார் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை.

இங்கிருந்துதான் ஹோலிரூட்டின் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. அரசு ஒரு முடிவுக்கான காரணத்தை எழுதிவைக்காவிட்டால் எந்தக் கேள்வியும் பலிக்காது. கப்பல்களின் கதை இதற்கு மிகத் தெளிவான உதாரணம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைத் தீவுகளில் வாழும் மக்களுக்குப் பயணிகள் கப்பல்தான் சாலை. மருந்தும் பாலும் பள்ளிப் பாடநூலும் அதில்தான் வருகின்றன. 2015 அக்டோபரில் இரண்டு புதிய கப்பல்களைக் கட்டும் ஒப்பந்தம் போர்ட் கிளாஸ்கோவில் உள்ள ஃபெர்குசன் கப்பல் கட்டும் தளத்துக்கு வழங்கப்பட்டது. தொகை 9.7 கோடி பவுண்டு. கப்பல் கட்டுமானத்தில் வாங்குபவரின் பணத்துக்கு முழுப் பாதுகாப்புத் தரும் உத்தரவாதம் வழக்கமானது. அந்த உத்தரவாதம் இதில் இல்லை. கப்பல்களை வாங்கும் அரசு நிறுவனமே அதைச் சுட்டிக்காட்டிக் கவலை தெரிவித்தது. அமைச்சர்கள் ஒப்புதல் அளித்தார்கள். 2017 நவம்பரில் முதல் கப்பலான ‘க்ளென் சானக்ஸ்’ கோலாகலமாக நீரில் இறக்கப்பட்டபோது, அதன் சில சன்னல்கள் வெறும் வண்ணப்பூச்சாக இருந்தன. 2019இல் தளம் திவாலாகி, பிறகு அரசுடைமையானது. 2018இல் வரவேண்டிய கப்பல் ஆரன் தீவுக்கான பயணத்தைத் தொடங்கியது 2025 ஜனவரியில்தான். இரண்டு கப்பல்களுக்கும் சேர்த்து அசல் விலையைப்போல நான்கு மடங்குக்கும் மேலான செலவு கணக்கிடப்பட்டது.

உறுப்பினர்கள் கேட்காமல் இருக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் அவையிலும் குழுவிலும் கேட்டார்கள். 2020 டிசம்பரில் ஒரு குழு இந்தக் கொள்முதல் நிர்வாகத்தைப் பேரழிவான தோல்வி என்றே எழுதியது. 2022 மார்ச்சில் தணிக்கைத் தலைவரின் அறிக்கை வந்தது. அபாயங்கள் தெரிந்தும் அமைச்சர்கள் ஏன் ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார்கள் என்பதை விளக்கப் போதுமான ஆவணச் சான்று இல்லை என்று அது கண்டது. இரண்டு மாதங்கள் கழித்து அரசு ஒரு மின்னஞ்சலைக் கண்டெடுத்து வெளியிட்டது. அப்போதைய போக்குவரத்து அமைச்சர் சம்மதித்தார் என்பது அதில் தெரிந்தது. ஏன் சம்மதித்தார் என்பது தெரியவில்லை. 2022 நவம்பரில் முதல் அமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் தாமே பொதுத் தணிக்கைக் குழுவின் முன் வந்து பதில் சொன்னார். கேட்பதற்கு நாடாளுமன்றத்திடம் இருந்த கருவிகள் எல்லாம் பயன்படுத்தப்பட்டுவிட்டன. தீவு மக்கள் கேட்ட ‘ஏன்’ மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தக் காரணத்தை அன்று ஒருவரும் தாளில் இறக்கிவைக்காததே இதற்குக் காரணம். இதைக் கப்பல் கட்டும் தொழிலின் சிக்கலாகச் சுருக்கிப் பார்ப்பது பெரிய தவறு.

ஆவணம் இருந்தும் தர மறுக்கும் அரசை வழிக்குக் கொண்டுவர முடியும் என்பதை இன்னொரு நிகழ்வு காட்டியது. சால்மண்ட் மீதான புகார்களை அரசு விசாரித்த விதம் சட்டவிரோதமானது என்று 2019 ஜனவரியில் உச்ச உரிமையியல் நீதிமன்றத்தில் முடிவானது. அவருடைய வழக்குச் செலவாக 5 லட்சத்து 12 ஆயிரம் பவுண்டுக்கு மேல் அரசு கொடுத்தது. தோற்கும் வழக்கை அரசு ஏன் நடத்தியது என்று ஒரு குழு விசாரித்தது. வழக்கறிஞர்கள் அரசுக்குத் தந்த ஆலோசனையை அது கேட்டது. அரசு மறுத்தது. 2020 நவம்பரில் அவை இரண்டு முறை வாக்களித்துக் கேட்டும் கிடைக்கவில்லை. துணை முதல் அமைச்சர் ஜான் ஸ்வின்னி மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரும், அதை எல்லா எதிர்க்கட்சிகளும் ஆதரிக்கும் என்ற நிலை வந்த பிறகே, 2021 மார்ச்சில் அந்தத் தாள்கள் வெளியே வந்தன. ஸ்காட்லாந்து சட்டத்தின் 23ஆவது பிரிவு சாட்சிகளையும் ஆவணங்களையும் வரவழைக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. இருந்தும் அரசை அசைத்தது வாக்குக் கணக்குதான். அன்று அது சிறுபான்மை அரசு. 2011 முதல் 2016 வரை இருந்ததுபோல ஆளுங்கட்சிக்கு அவையில் பெரும்பான்மை இருந்திருந்தால், அந்த ஆலோசனை வெளியே வந்திருக்குமா என்பது பெரும் சந்தேகம்.

கொரோனா காலம் இந்தக் குறையை இன்னும் ஆழமாகக் காட்டியது. பிரிட்டனின் கொரோனா விசாரணை ஆணையம் 2024 ஜனவரியில் எடின்பரோவில் அமர்ந்தபோது, ஸ்டர்ஜன் தம் வாட்ஸ்அப் செய்திகளை வைத்திருக்கவில்லை என்பது உறுதியானது. முக்கியமானவை அனைத்தும் அரசின் முறையான பதிவில் சேர்க்கப்பட்டுவிட்டன என்று அவர் விளக்கினார். ஆனால் மூத்த அமைச்சர்கள் கூடிய சில கூட்டங்களுக்குக் குறிப்புகளே எழுதப்படவில்லை என்ற தகவலும் அதே விசாரணையில் வந்தது. பள்ளிகள் மூடப்பட்டதும், முதியோர் இல்லங்களின் கதவுகள் அடைக்கப்பட்டதும் அந்த நாள்களில்தான். உறவினரைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் போன குடும்பங்களுக்கு, அந்த முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன என்று தெரிந்துகொள்ளும் உரிமை முழுமையாக உண்டு. அரசு அலுவல்களுக்கு வாட்ஸ்அப் பயன்படுத்துவது நிறுத்தப்படும் என்று 2024 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அந்த மாற்றத்துக்குக் காரணமானது விசாரணை ஆணையம்தான். ஹோலிரூட்டில் கேட்கப்பட்ட எந்தக் கேள்வியும் அதைச் சாதிக்கவில்லை.

இதே நோயை முதலில் அனுபவித்து, மருந்தையும் தேடியது வட அயர்லாந்து. புதுப்பிக்கத்தக்க எரிபொருளால் வெப்பம் உண்டாக்குவோருக்கு மானியம் தரும் திட்டம் ஒன்று 2012இல் அங்கே தொடங்கியது. எரிபொருளின் விலையைவிட மானியம் அதிகமாக இருந்தது. எரிக்க எரிக்கப் பணம் வந்தது. இருபது ஆண்டுகளில் 49 கோடி பவுண்டு கூடுதல் செலவாகும் என்று தொடக்கத்தில் மதிப்பிட்டார்கள். அந்தப் புயலில் 2017 ஜனவரியில் ஆட்சியே கவிழ்ந்து, அவை மூன்று ஆண்டுகள் முடங்கியது. அமைச்சர்களின் கூட்டங்களுக்குக் குறிப்பு எடுக்காமல் விடுவது வழக்கமாகிப்போனது என்றும், தகவல் கேட்டு வருவோரிடம் சிக்காமல் இருப்பதே அதன் நோக்கங்களில் ஒன்று என்றும் அங்குள்ள அரசுப் பணியின் தலைவரே 2018இல் விசாரணைக் குழுவிடம் ஒப்புக்கொண்டார். 2021இல் பெல்ஃபாஸ்ட் அவை ஒரு தனிநபர் மசோதாவைச் சட்டமாக்கியது. அமைச்சர்களும் அவர்களுடைய சிறப்பு ஆலோசகர்களும் நடத்தும் அலுவல் கூட்டங்களில் அரசு அதிகாரி ஒருவர் எழுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் மையமான நிபந்தனை.

ஸ்காட்லாந்தில் தகவல் சுதந்திரச் சட்டம் 2005 முதல் நடைமுறையில் உள்ளது. 2011இல் வந்த பொது ஆவணச் சட்டம், இருக்கும் ஆவணங்களை அரசு நிறுவனங்கள் எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று திட்டமிடச் சொல்கிறது. இரண்டுமே ஆவணம் இருக்கிறது என்ற அனுமானத்தில் நிற்கின்றன. ஒரு முடிவை எடுக்கும் அமைச்சர் அதன் காரணத்தையும், தமக்குச் சொல்லப்பட்ட அபாயங்களையும், அவற்றை ஏற்றுக்கொண்டதற்கான விளக்கத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்று இந்தச் சட்டங்கள் வற்புறுத்துவதில்லை. வினா நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டுவதாலோ, குழுத் தலைவர்களை அவையே தேர்ந்தெடுப்பதாலோ இந்த ஓட்டை அடைபடாது. அந்தச் சீர்திருத்தங்களும் வேண்டியவைதான். ஆனால் முதலில் வரவேண்டியது, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட எந்த ஒப்பந்தத்துக்கும் ஒப்புதல் தரும் அமைச்சர், காரணங்களைக் கையெழுத்திட்டுப் பதிவு செய்து, அதைத் தணிக்கைத் தலைவரிடம் உரிய காலத்துக்குள் சேர்ப்பிக்க வேண்டும் என்ற சட்டக் கடமை. கட்சி எதுவானாலும் அடுத்து அமையும் அரசுகளையும் அது கட்டுப்படுத்தும் என்பதால், இன்றைய எதிர்க்கட்சிகளும் அதற்கு மனதார முன்வர வேண்டும். பெல்ஃபாஸ்ட் சட்டத்தின் பிரிவுகளை எடுத்து, எடின்பரோவின் தேவைக்கேற்ப விரிவாக்கினாலே அதற்கான மசோதா பாதி தயார்.