விகிதம் குறைந்தது, இடைவெளி குறையவில்லை



கிராமங்கள் நகரங்களை எட்டிப்பிடித்து வருகின்றன என்போர் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வைச் சான்று காட்டுகிறார்கள். 2011-12இல் நகரவாசி ஒருவரின் சராசரி மாதச் செலவு கிராமவாசியின் செலவைவிட 84 சதவீதம் அதிகமாக இருந்தது. 2023-24இல் அது 70 சதவீதமாகக் குறைந்தது உண்மையே. ஆனால், ரூபாயில் பார்த்தால் கணக்கு வேறு. அன்று 1,430க்கும் 2,630க்கும் இடையே 1,200 ரூபாய் வேறுபாடு. 2023-24இல் 4,122க்கும் 6,996க்கும் இடையே 2,874 ரூபாய். விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும் இந்த இடைவெளி விரிந்தே இருக்கிறது.

காரணம் வெளிப்படை. 2023-24இல் நாட்டின் உழைப்பாளர்களில் ஏறத்தாழ 46 சதவீதம் பேர் வேளாண்மையை நம்பியிருக்க, பொருளாதாரத்தில் அதன் பங்கோ ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தது. சிறிய பங்கைப் பெருங்கூட்டம் பிரித்துக்கொள்கிறது. அப்படியானால் கிராமத்தார் நகருக்குப் பெயர்வதே தீர்வு என்று சிலர் வாதிடலாம். பெயர்வது தவறல்ல, ஆனால், கட்டட வேலையும் காவலாளி வேலையும் மட்டுமே காத்திருக்கும்போது வறுமை முகவரி மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். விளைபொருளைச் சேமித்து, பதப்படுத்தி, விற்கும் இலாபம் ஊரிலேயே தங்கினால்தான் வேலையும் அங்கே பிறக்கும். ஒன்றியந்தோறும் குளிர்பதனக் கிடங்கும் பதப்படுத்தும் கூடமும் அமைப்பதற்கு அரசு முன்னுரிமை தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்.