வில்லங்கம் பார்த்தாச்சா?

திருத்தணியில் 365 படி ஏறும்போது கூட வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "அப்பாவுக்கு கிட்னி பூரா நீர்க்கட்டி சார், போயிட்டார். இப்ப அண்ணனுக்கும் அதே. நான்தான் ஒண்ணு தரப்போறேன். டாக்டர் என்னடான்னா முதல்லே எனக்கு ஸ்கேன்ங்கறார். அதான் அண்ணனுக்கு வந்தாச்சே, எனக்கெதுக்கு?"

இந்த வியாதிக்கு அந்தக் கணக்கு தெரியாது. அப்பா, அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பூவா தலையாதான். 30 வயது தாண்டியும் சத்தமில்லாமல் இருக்கும். பல பேருக்கு ரத்தக் கொதிப்புதான் முதல் அறிகுறி. அதை அடக்கினால் சிறுநீரகம் கெடுவதைத் தள்ளிப்போடலாம்.

"அப்பா நிலத்துக்கு வில்லங்கம் பார்த்தீங்களா?"

"பார்க்காம? 30 வருஷத்துக்கு!"

"கிட்னியும் அப்பா கொடுத்ததுதானே?"

இறங்கும்போது மெதுவாகக் கேட்டார்: "ஸ்கேன் சென்டர் எத்தனை மணிவரைக்கும் சார்?"