கைதுக் குறிப்பில் ஒரு கையெழுத்து

பெண்ணாடத்தில் ரயிலேறினால் அடுத்த பெரிய ஊர் விருத்தாசலம். அங்கிருந்து நெய்வேலிப் பக்கம் போனால் முதனை கிராமம். 1993 மார்ச்சில் ஒரு நகைத் திருட்டுப் புகாருக்காக அந்த ஊரின் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணுவைக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. காவலிலிருந்து தப்பி ஓடிவிட்டார் என்று சொல்லப்பட்டது.

அந்தப் பதிலை அவர் மனைவி பார்வதி ஏற்கவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியினர் துணைக்கு வந்தார்கள். பின்னாளில் நீதிபதியான கே.சந்துரு அப்போது வழக்கறிஞர். அவர் மூலம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. பிறகு காவலர்கள்மீது நடந்த வழக்கில் விசாரணை நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2006இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றி ஐந்து பேருக்குத் தலா 14 ஆண்டுச் சிறை விதித்தது. தீர்ப்பு வர 13 ஆண்டுகள்! அத்தனை காலமும், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லச் சாதாரண மனிதர்கள் சிலர் வேண்டியிருந்தது. வழக்கைத் தாங்கியது அவர்களுடைய சாட்சியமும்தான்.

இனப் பாகுபாடு என்றால் நமக்கு அமெரிக்காவும் தென்னாப்பிரிக்காவும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பிறப்பை வைத்தே ஒரு கூட்டத்தைத் திருடர் என்று பதிவுசெய்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் இங்கேயே பிறந்தது; 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1952இல் நாடு முழுவதும் ஒழிந்தது. சட்டம் போன பிறகும் அந்தச் சமூகங்கள்மீதான சந்தேகம் போகவில்லை.

நகையைப் பறிகொடுத்த குடும்பத்தின் வேதனையும் பொய்யல்ல. 'ஏன் இன்னும் பிடிக்கவில்லை' என்று அன்றாடம் கேட்கப்படும் காவலரின் நெருக்கடியும் உண்மை. அந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் நாமும் இருக்கிறோம். நேர்மையாகப் பணிபுரியும் காவலர்கள் நம் தெருவிலேயே குடியிருக்கிறார்கள்.

2021இல் இந்த வழக்கு 'ஜெய் பீம்' படமானபோது ஒரு காட்சியில் இருந்த காலண்டர் ஒரு சமூகத்தாரைப் புண்படுத்தியது. அந்தக் காலண்டர் மாற்றப்பட்டது, அது சரியே. ஆனால் வழக்கைவிடக் காலண்டரைப் பற்றித்தான் நம் மாவட்டத்தில் அதிகம் பேசினோமோ என்று தோன்றுகிறது. ஒரு காலண்டரே இவ்வளவு வலிக்குமென்றால், தலைமுறை தலைமுறையாகத் திருடர் என்று பெயர் வாங்கியவர்களின் வலியை அறிவது யாருக்கும் கடினமல்ல.

இனி நாம் செய்யக்கூடியது என்ன? எல்லோரும் நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை. காவல் மரணங்கள் பற்றிய டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் விதித்த நெறி இன்று சட்டமாகவே இருக்கிறது. கைது செய்யும்போது குறிப்பு எழுத வேண்டும். கைதானவரின் குடும்பத்தாரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் கைதானவரை நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும்.

அந்த மதிப்புக்குரியவர் யார்? கடைவீதி மளிகைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், வார்டு உறுப்பினர் என்று யாரும் ஆகலாம். முறையாகக் கைது செய்யும் காவலருக்கும் அந்தக் கையெழுத்து பாதுகாப்புதான். இரவு பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டால், 'நமக்கேன் வம்பு' என்று விளக்கை அணைக்காமல், மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போய், தேதியும் நேரமும் சரியா என்று பார்த்துக் கையெழுத்திட அவரால் முடியும்.